டா நாங் போகும் கொரியர்கள்

வியட்நாமின் டா நாங் நகரைத் தென்கொரியர்கள் ‘கியோங்கி மாகாணம், டா நாங் நகரம்’ என்று கேலியாகச் சொல்வார்கள். கியோங்கி என்பது சியோலைச் சுற்றியுள்ள மாகாணம். அந்த அளவுக்கு அங்கே கொரியக் கூட்டம். 2023-இல் வியட்நாமுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளில் முதலிடம் அவர்களுக்குத்தான். ஏறக்குறைய 36 லட்சம் பேர்.

அன்றும் வந்தார்கள், துப்பாக்கியோடு. 1964 முதல் 1973 வரை அமெரிக்காவுக்குத் துணையாக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியச் சிப்பாய்கள் வியட்நாம் போருக்கு வந்தார்கள். பதிலுக்கு டாலர் கிடைத்தது. குயி நோன் துறைமுகத்தில் அமெரிக்க ராணுவச் சரக்கைக் கையாண்டு வளர்ந்ததுதான் ஹான்ஜின் நிறுவனம். கொரியாவின் தொழில் வளர்ச்சியில் அந்தப் போர்க்காசுக்கும் பங்குண்டு.

1992 டிசம்பரில் இரு நாடுகளும் தூதரக உறவு தொடங்கின. பழையதைக் கிளற வேண்டாம், முதலீடு வரட்டும் என்பது ஹனோயின் கணக்கு. கணக்கு தப்பவில்லை. பாக் நின் மாகாணத்தில் 2009-இல் உற்பத்தியைத் தொடங்கிய சாம்சங், இன்று தன் போன்களில் பாதியளவை வியட்நாமில்தான் செய்கிறது. பார்க் ஹாங்-சியோ என்ற கொரியப் பயிற்சியாளர் 2018-இல் தென்கிழக்கு ஆசியக் கால்பந்துக் கோப்பையை வென்று தந்தபோது, வியட்நாம் ரசிகர்கள் தெருவில் கொரியக் கொடியையும் சேர்த்தே அசைத்தார்கள்.

ஆனால் டா நாங்கிலிருந்து ஹோய் ஆனின் விளக்குத் தெருக்களைப் பார்க்கப் போகும் பயணிகள், வழியில் ஹா மி கிராமத்தில் இறங்குவது அபூர்வம். 1968 பிப்ரவரியில் கொரிய மரைன் படை வீரர்கள் அங்கே கொன்ற 135 பேரின் பெயர்கள் ஒரு நினைவுக்கல்லில் இருக்கின்றன. கல் வைக்கப் பணம் கொடுத்தது கொரிய முன்னாள் படைவீரர் அமைப்பு. பின்புறத்தில் கிராமத்தார் நடந்ததை நடந்தபடி பொறித்தார்கள். கொரியத் தரப்பு முகம் சுளித்தது. வாசகத்தை அழிக்க ஊர் சம்மதிக்கவில்லை. கடைசியில் அதன்மேல் தாமரைப் படம் போட்ட பலகைக்கல்லைப் பதித்து மூடினார்கள். எழுத்து உள்ளே அப்படியே இருக்கிறது.

அரசுகள் பேசாததைத் தனிமனுஷி ஒருவர் பேசினார். அதே மாதம் பக்கத்து ஃபோங் நி கிராமத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்தபோது அவருக்கு எட்டு வயது. கொரிய அரசுமீதே சியோலில் வழக்குப் போட்டார். 2023 பிப்ரவரியில் அவர் பக்கம் தீர்ப்பானது. இழப்பீடு சுமார் 3 கோடி வொன், நம் கணக்கில் இருபது லட்சம் ரூபாய்க்குள். கொரிய அரசு மேல்முறையீடு செய்தது. 2025 ஜனவரியில் அங்கும் தோற்றது.