கண்ணுக்குத் தெரியாத உளிமுனை

பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சன்னபட்டணா என்னும் ஊர் உள்ளது. பெயரைக் கேட்டவுடன் சென்னையின் பழைய பெயரான சென்னபட்டணம் நினைவுக்கு வரலாம். இரண்டும் வேறு வேறு ஊர்கள். இங்குள்ள கடைகளில் வண்ணம் பளபளக்கும் பம்பரங்களும் கிலுகிலுப்பைகளும் மரக்குதிரைகளும் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு குங்குமச்செப்பும் இருக்கும். குதிரையைப் போல அது யாரையும் உடனே ஈர்ப்பதில்லை. ஆயினும், கடைசல் தொழிலில் கடினமான பாடம் அந்தச் சின்னஞ்சிறு செப்புக்குள்தான் இருக்கிறது.

செப்பு என்பது மூடியுடன் கூடிய சிறு கலம். திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்திலும் மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றிச் சிறுவர் விளையாடும் குடம், அடுப்பு, உரல், சட்டி முதலியவற்றைச் செய்கின்றனர். அவற்றுக்கு மரச்செப்பு என்று பெயர். 'சொப்புச் சாமான்' என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்கி உருவாக்கும் வேலைக்குத் தமிழில் 'கடைதல்' என்று பெயர். மோர் கடைவதும் கடைதலே. ஒரே சொல் இரண்டு வேலைகளையும் குறிப்பதற்குக் காரணம் கையால் இயக்கிய பழைய கடைசல் பொறியைப் பார்த்தால் விளங்கும். அதன் உருளையில் ஒரு கயிற்றைச் சுற்றி, மத்தில் கட்டிய கயிற்றை இழுப்பது போலவே மாறி மாறி இழுப்பார்கள். மரம் ஒருமுறை இப்புறமும் மறுமுறை அப்புறமும் சுழலும். உளியை நோக்கி வரும் சுற்றில் மட்டுமே மரம் சீவப்படும். எதிர்ச்சுற்றில் உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். இக்காலத்தில் மின்பொறி ஒரே திசையில் இடைவிடாமல் சுழற்றுகிறது. வேலை விரைந்து நடக்கிறது. தவறும் அதே விரைவில் நேர்கிறது.

சன்னபட்டணாவில் இத்தொழிலை வளர்த்தவர் திப்பு சுல்தான் என்றும், அவர் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. இன்று அவ்வூர்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பெண்களும் பொறியின் முன் அமர்ந்து உளி பிடிக்கின்றனர்.

இங்கு மரபாகப் பயன்படும் மரத்தைக் கன்னடத்தில் 'ஆலெ மர' என்பர். இது நம் ஆலமரம் அன்று. தமிழில் வெட்பாலை எனப்படுவது. தந்தம் போன்ற வெண்மையும் நெருக்கமான இழைகளும் உடையது; உளிக்கு இணங்கிக் கொடுப்பது. ஆந்திரத்தின் ஏட்டிக்கொப்பாக்கா ஊரிலும் இதே மரத்தைத்தான் கடைகிறார்கள்.

வெட்டிய மரத்தை உடனே கடைந்துவிடக் கூடாது. ஈரமான மரம் உலரும்போது சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. இழையின் நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு, குறுக்கே மிகுதி. குறுக்கிலும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே, ஈர மரத்தில் வட்டமாகக் கடைந்த வாய் உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடும். திண்மையான பம்பரத்தில் இந்தக் கோணல் பெரிதாகத் தெரியாது. செப்பிலோ, மூடி பொருந்தாமல் போகும். இதனால்தான் மரத்துண்டுகளை நிழலில் அடுக்கிப் பொறுமையாக உலர்த்துகிறார்கள். பயில வருபவருக்கு இந்தக் காத்திருப்பு சலிப்பைத் தரலாம். ஆனால் அதைத் தவிர்க்க வழி இல்லை.

தொழில் பயில்பவர் முதலில் மணி, வளையம், பம்பரம் போன்றவற்றில் கைபழகுகிறார். உளியைத் தாங்குகட்டையின்மேல் அழுத்தி வைத்து, சுழலும் மரத்தின்மேல் மெல்லச் சாய்த்தால், மரம் நீண்ட சுருளாக உரிந்து வரும். உளிமுனை எங்கே இருக்கிறது என்பதைக் கண் காண்கிறது. கை அதற்கேற்ப நகர்கிறது. கொஞ்சம் ஆழமாக வெட்டிவிட்டால் பெரிய பம்பரத்தைச் சிறிய பம்பரமாக்கிக்கொள்ளலாம்.

குடைவுவேலையில் இந்த வசதிகள் எல்லாம் போய்விடுகின்றன. மரத்தின் வாய்ப்பக்கத்தில் உளி நுழைந்ததும் அதன் முனை மறைந்துவிடுகிறது. உள்ளே நிழல், அந்த நிழலிலும் மரத்தூள் நிறைந்திருக்கும். சுவரை மெல்லியதாக்க வேண்டும். ஆனால் துளைத்துவிடக் கூடாது. வெளிப்புறம் முழுவதையும் அழகாக முடித்த செப்பு, உள்ளிருந்து வரும் ஒரே ஒரு வெட்டில் விறகாகிவிடும். சீவி எடுத்த மரத்தை மீண்டும் ஒட்டிவைக்க முடியாதே!

மையத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சுழலும் சக்கரத்தில் விளிம்பு விரைந்து ஓடும். நடுப்புள்ளியோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். அதுபோலவே மரத்தின் மையத்தில் வேகம் இல்லாததால் உளி அங்கே வெட்டாது, அழுத்தி நசுக்கும். ஆகவே, முதலில் மையத்தில் ஒரு துளையிட்டு, செப்பு எவ்வளவு ஆழம் இருக்க வேண்டுமோ அந்த ஆழத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு அத்துளையைப் படிப்படியாக அகலப்படுத்த வேண்டும். உளியை மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகர்த்தினால் இழைகள் சீராக அறுபடும். எதிர்த்திசையில் நகர்த்தினால் அவை பிய்ந்து, உட்சுவர் சொரசொரப்பாகும்.

உளி ஆழமாகச் செல்லச் செல்ல, அதன் முனை தாங்குகட்டையிலிருந்து விலகிப்போகிறது. நீண்ட கழியின் நுனியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டுப் பிடிப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் இது. முனையில் விழும் சிறு விசையும் கைப்பிடியில் பெரிதாக உணரப்படும். மரம் உளியைக் 'கடித்து'விட்டால் கை உதறும். சில வேளை செப்பே பிடியிலிருந்து பறக்கும். எனவே தாங்குகட்டையை வாய்க்கு மிக அருகில் வைக்க வேண்டும். நீண்ட கைப்பிடி உள்ள உளியை உடலோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு பொறியின் அருகே செல்லவே கூடாது. கண்களுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும்.

கண்ணுக்கு எட்டாததை அறிவது எப்படி? அடிக்கடி பொறியை நிறுத்தி, தூளைக் கொட்டி, கவைபோன்ற அளவுகோலால் சுவரின் கனத்தைப் பார்க்கலாம். ஆழம் குறித்த குச்சியை உள்ளே விட்டுப் பார்க்கலாம். பொறி முழுதும் நின்றபின் ஒரு விரலை உள்ளேயும் ஒரு விரலை வெளியேயும் வைத்துத் தடவிப் பார்க்கலாம். இவற்றோடு காதும் உதவுகிறது. சுவர் தடிப்பாக இருக்கும்போது உளியின் ஓசை மந்தமாக இருக்கும். மெலியும்போது அது மாறிவிடும். தேர்ந்த கைவினைஞர் பேசிக்கொண்டே கடைந்தாலும், அந்த மாற்றம் கேட்டவுடன் கையைத் தளர்த்திவிடுவார். பயில்பவருக்கு முதலில் இரண்டும் ஒரே இரைச்சலாகவே கேட்கும். அந்த வேறுபாடு எப்படிப்பட்டது என்று ஆசிரியரால் சொல்லி விளக்க முடியாது. சில செப்புகளைத் துளைத்துக் கெடுத்தபிறகே அது காதில் விழத் தொடங்குகிறது. கூலி எண்ணிக்கையைப் பொறுத்து அமையும் பட்டறையில் கெட்டுப்போகும் ஒவ்வொரு செப்பும் ஓர் இழப்புதான். ஆனாலும் அந்த இழப்பு இல்லாமல் யாரும் செப்பு கடையக் கற்றதில்லை.

மூடியையும் உடலையும் ஒரே மரத்துண்டிலிருந்து எடுப்பது நல்லது. அப்போது இரண்டின் இழையோட்டமும் ஒத்துப்போகும். முதலில் மூடியின் உட்புறத்தைக் குடைகிறார்கள். பிறகு உடலின் வாயில் ஒரு மெல்லிய கழுத்தைக் கடைந்து, மூடியை வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். இங்கே ஒரு தலைமயிர் அளவு கூடினால் மூடி ஏறாது, குறைந்தால் ஆடும். சற்றே இறுக்கமாக இருக்கும்போது மூடியை உடலின்மேல் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே வெளிப்புறம் கடைகிறார்கள். அப்போதுதான் இணைப்பு ஒரு மெல்லிய கோடாக மறையும்.

இறுதியில் அரக்கு. சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினே அரக்கு. பாண்டவர்களுக்காகக் கட்டப்பட்ட அரக்கு மாளிகையின் கதையை அறிந்தவர்களுக்கு, வெப்பம் பட்டால் அது என்ன ஆகும் என்பது தெரிந்திருக்கும். வண்ணம் கலந்த அரக்குக்கட்டியைச் சுழலும் செப்பின்மேல் அழுத்தினால், உராய்வினால் எழும் சூட்டிலேயே அது உருகிப் படியும். தூரிகையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பின்னர் உலர்ந்த தாழை ஓலையைச் செப்பின்மேல் அழுத்திப் பிடித்தால் அரக்கு சீராகப் பரவி, கண்ணாடிபோல் மின்னும். மெருகேறிய வெளிப்புறத்தைப் பார்த்து மகிழாதவர் இல்லை.

செப்பு முடிந்தபின் பட்டறையில் செய்யப்படும் சோதனை மிக எளியது. மூடியைக் கழுத்தின்மேல் வைத்து விட்டுவிடுவார்கள், அழுத்துவதில்லை. நன்றாகப் பொருந்திய மூடி சட்டென்று விழாது. உள்ளே அடைபட்ட காற்று மெல்ல மெல்ல வெளியேற, மூடி தானாகவே இறங்கி அமரும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை ஏற்றுச் சற்றே பருக்கும் என்பதால், முதற்செப்பை முடித்த மாணவர் அதனை எடுத்துவைத்து, மழை தொடங்கியபின் மீண்டும் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பார்.