விசிறிச் சிப்பி வளர்ப்பு

விசிறி போன்ற ஓடுடைய ஸ்காலப் சிப்பிகள் முட்டைகளையும் விந்தணுக்களையும் கடல்நீரிலேயே வெளியிடுகின்றன. இரண்டும் ஒரே வேளையில் வெளிப்பட்டால்தான் கருவுறுதல் நிகழும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் முட்டைகள் முதிரத் துணைபுரிகிறது. இளவேனிலில் நீரின் வெப்பம் உயர்ந்ததும், நரம்புகளிலிருந்து வெளிப்படும் செரடோனின் முட்டையிடுதலைத் தூண்டுகிறது. செரடோனினை ஊசிவழிச் செலுத்தியும் முட்டையிடச் செய்யலாம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1982இல் காட்டினர்.

ஆயினும், ஜப்பானின் ஹொக்கைடோ மீனவர்கள் பெரிதும் நம்புவது கடலில் இயல்பாக நிகழும் இனப்பெருக்கத்தையே. நீந்தித் திரியும் இளவுயிரிகளை வலைப்பைகளில் ஒட்டச்செய்து, ஏறக்குறைய ஓராண்டு வளர்த்துக் கடற்படுகையில் விதைக்கின்றனர். படுகையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியில் மட்டுமே அறுவடை செய்கின்றனர். சிப்பிகள் நுண்பாசிகளை வடித்துண்பதால் தீவனம் இட வேண்டுவதில்லை. முதிர்ந்த சிப்பிகள் கடலில் எஞ்சினால்தான் அடுத்த தலைமுறை தோன்றும். அறுவடையில் வரம்பு காப்பதே இவ்வளர்ப்பின் அடிப்படை.