காப்பு முதலில், நடவு பின்னர்

1968-இல் வானூர்ப் பகுதிச் செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கியபோது, வந்தவர்களுள் பலர் உழவறியாதவர்கள். மழைநீர் மண்ணை அரித்துச் செல்வதைக் கண்டு வரப்புக் கட்டினர்; மரங்களும் நட்டனர். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தம் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் புதிதாகச் சேர விரும்பும் நோயாளிகளுக்கு நாங்கள் கூறுவதும் இதுவே: முதலில் வரப்பு, அதாவது காப்பு.

தோட்டவேலை உடலுக்கு உழைப்பும் மனத்துக்குத் துணையும் தரும். ஆயினும் நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர் முள் தைத்ததையும் அறியார். ஈரமண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா, சிறு காயத்தின் வழியே புகுந்து மெலியாய்டோசிஸ் என்னும் கொடிய நோயை உண்டாக்கக்கூடும். மழைக்காலத்தில் மிகும் இந்நோய், நீரிழிவு உள்ளோரையே பெரிதும் தாக்குகிறது.

ஆகவே மூடிய காலணியும் கையுறையும் அணியுங்கள். புண் இருப்பின், ஆறும்வரை மண்ணில் இறங்காதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி இட்டு 10 ஆண்டுகள் கடந்திருப்பின் மருத்துவரைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். உள்ளங்கால்களை வீட்டார் ஒருவர் பார்க்கட்டும். பின்னர்க் காய்ச்சல் கண்டால், தோட்டத்தில் வேலை செய்ததையும் மறவாமல் கூறுங்கள். உரிய பரிசோதனைக்கு அச்செய்தியே வழிகாட்டும்.

முதற்பயிராகச் சிறுகீரை விதையுங்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிக்கலாம்.