வேலியை அறுத்தபின்

மாட்டுப்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நாலு வருஷம் இழுபறியாகவே கிடந்தார்கள் என்று எழுதினீர்களே, கடைசியில் அது எப்படித்தான் உடைந்தது?" டாங்கி வந்தது, உடைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் சிப்பாய்கள் நின்ற இரண்டு களங்களைப் பார்ப்போம்.

முதல் தடை முள்கம்பி வேலி. அதற்கான மருந்து பெங்களூரிலிருந்தே போனது. 1912இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக் ஒரு குழாய்வெடி செய்தார். வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, மறைவில் படுத்தபடியே வேலிக்கடியில் தள்ளி வெடிக்கவைக்க வேண்டும். 'பெங்களூர் டார்பிடோ' என்ற பெயரோடு 1944இல் நார்மண்டிக் கடற்கரைவரை அது போயிற்று. (ராணுவத்தில் 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தப் பிரிவில் தமிழர்கள் நிறைய.)

வேலி அறுந்தால் வழி பிறந்துவிடுமா? 1915 மார்ச் 10, பிரான்சின் நெவ் ஷபெல் கிராமம். இந்திய ராணுவத்தின் மீரட் டிவிஷனும் பிரிட்டிஷ் படைகளும் ஒரே நேரத்தில் தாக்கின. 35 நிமிடம் பீரங்கிகள் பொழிந்து ஓய்ந்ததும் மீரட் டிவிஷனின் கார்வாலிச் சிப்பாய்கள் ஜெர்மன் குழிக்குள் குதித்தார்கள். இந்தக் குழிகளை நேர்கோட்டில் வெட்டமாட்டார்கள். உள்ளே விழும் ஒரு குண்டு எல்லோரையும் கொன்றுவிடாதிருக்கச் சில கெஜத்துக்கு ஒரு திருப்பம் வைப்பார்கள். திருப்பத்துக்கு அந்தப்புறம் எவன் எதை நீட்டிக்கொண்டு நிற்கிறான் என்று தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆளாகப் பாய்ந்தவர் கபர் சிங் நேகி. அன்றே உயிரைவிட்டார், விக்டோரியா கிராஸ் பிறகு வந்தது.

மதியத்துக்குள் கிராமம் கைக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் கூத்து. டெலிபோன் கம்பிகள் குண்டுபட்டு அறுந்துகிடந்தன. மேலே போகலாமா என்று கேட்டுப் பதில் வாங்குவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. தாக்குகிறவன் சேற்றில் நடந்து வரவேண்டும். காக்கிறவன் ரயிலில் வந்து இறங்குவான். சுமார் ஒரு கிலோமீட்டரோடு எல்லாம் நின்றது.

1918 செப்டம்பர் 19, பாலஸ்தீனம். அதே மீரட் டிவிஷன், எதிரே துருக்கியர். பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி ஜோர்டான் பள்ளத்தாக்கில் கித்தான் குதிரைகளை நிறுத்திப் போக்குக்காட்டிவிட்டு, படையைக் கடலோரத்தில் குவித்திருந்தார். விடியுமுன் விமானங்கள் அஃபூலாவிலிருந்த எதிரியின் டெலிபோன் நிலையத்தின்மேல் குண்டுபோட்டன. இந்தமுறை செய்தி கிடைக்காமல் தவித்தது எதிரி. 4.30க்குப் பீரங்கிகள் முழங்கின, கால் மணி நேரம்தான். காலாட்படை திறந்த வழியில், தயாராக நின்ற குதிரைப்படை புகுந்தது. அதில் பெரும்பகுதி இந்தியர்கள். சண்டைக்கு நிற்காதே, போய்க்கொண்டே இரு என்பதுதான் திட்டம். மறுநாள் விடியலில் அவர்கள் நாசரேத்தில், எதிரியின் தலைமையகத்திலேயே நுழைந்துவிட்டார்கள். துருக்கிப் படைகளை நடத்திய ஜெர்மன் தளபதி லிமான் ஃபான் சாண்டர்ஸ் மயிரிழையில் தப்பினார். 23ஆம் தேதி மைசூர், ஜோத்பூர் லான்சர்கள் ஹைஃபாவைப் பிடித்தார்கள்.

எல்லாம் ஆலன்பியின் மூளை என்று நான் சொல்லமாட்டேன். துருக்கிச் சிப்பாய் அரைவயிற்றோடு நின்றான், எண்ணிக்கையிலும் குறைவு. ஆனாலும் நெவ் ஷபெலில் குழி விழுந்தது, இழுபறி உடையவில்லை, இங்கே உடைந்தது. எதிரி சுதாரித்து ஆள் சேர்ப்பதற்குள் அவன் முதுகுப்புறம் போய் நின்றதுதான் வித்தியாசம்.

அக்டோபர் 1இல் டமாஸ்கஸ் விழுந்தது. 30ஆம் தேதி துருக்கி போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. டாங்கிகளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)