ஏரி கக்கிய கரியமில வாயு

எரிமலை என்றதும் நெருப்புக் குழம்பும் சாம்பலும்தான் நம் நினைவுக்கு வரும். நெருப்பும் புகையும் இல்லாமல், எரிமலை வாயு மட்டுமே ஒரே இரவில் 1,700க்கும் அதிகமான மக்களையும் சுமார் 3,500 கால்நடைகளையும் கொன்றதுண்டு. ஆப்பிரிக்காவில், காமரூன் நாட்டின் வடமேற்கு மலைப்பகுதியில், 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி இரவு 9 மணியளவில் இது நடந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பள்ளத்தாக்கில் பயிர் செய்தவர்களும் மாடு வளர்த்தவர்களும் ஆவர்.

அங்குள்ள நியோஸ் ஏரி, பழைய எரிமலை வாயில் நீர் தேங்கி உண்டானது. ஆழம் 200 மீட்டருக்கும் மேல். அன்று இரவு ஏரி திடீரெனப் பொங்கி, ஏராளமான கரியமில வாயுவைக் கக்கியது. அந்த வாயு ஓடைகளின் வழியே இறங்கி நியோஸ், காம், சா, சுபும் ஆகிய ஊர்களை மூடியது. சுமார் 25 கிலோமீட்டர் வரை சாவு நிகழ்ந்தது. விடிந்து பார்த்தால் வீடுகள் இடியவில்லை, பயிர் பச்சைகளும் பெரும்பாலும் வாடவில்லை. மாடுகள் மட்டும் நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தன. ஈக்களும் செத்துவிட்டதால் சடலங்களை மொய்க்க ஈ இல்லை! மேட்டு நிலத்தில் இருந்தவர்கள் பலர் தப்பினர்.

காரணம் எளிது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தண்ணீரைப் போலவே பள்ளத்தை நாடி ஓடும், அங்கே தேங்கும். நிறம் கிடையாது. நாம் சுவாசிக்கும் காற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பும்.

எரிமலை இல்லாத நம் ஊரிலும் இந்த வாயு ஆளைக் கொல்கிறது. நெடுநாள் இறைக்காத கிணற்றிலும், ஆழமான குழிகளிலும் இது தேங்கி நிற்கும். தூர் வார இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. ஆனால் எரிகிறது என்பதற்காக ஆபத்தில்லை என்று நினைத்துவிடவும் கூடாது. வேறு விஷவாயு இருந்தால் விளக்கு காட்டிக் கொடுக்காது, தீப்பற்றும் வாயு இருந்தால் விளக்கே வினையாகும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்றப் பின்னாலேயே குதிப்பவரும் சாகிறார். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுப்பதே முறை.

ஏரிக்குள் இவ்வளவு வாயு எப்படி வந்தது? பூமிக்கடியில் உள்ள பாறைக் குழம்பிலிருந்து கசியும் வாயு, ஊற்று நீரோடு கலந்து ஏரியின் அடியில் சேர்கிறது. மேலே நிற்கும் நீரின் பாரம் அதை வெளியே விடாமல் அழுத்தி வைத்திருக்கிறது. கோலி சோடாவில் கோலியைத் தட்டினால் என்ன ஆகும்? அதேதான். அன்று தட்டியது மண்சரிவா, குளிர்ந்த மழைநீரா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அதே நாட்டில் மொனூன் என்ற சிறு ஏரி 1984 ஆகஸ்டில் இதேபோல் 37 பேரைக் கொன்றிருந்தது.

பிறகு விஞ்ஞானிகள் ஏரியின் பல ஆழங்களிலிருந்து நீரை எடுத்து, வாயு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து வந்தனர். அது குறையவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. கரையில் வாயுவை உணர்ந்து ஒலிக்கும் சங்கு வைக்கப்பட்டது. 2001இல் பிரெஞ்சு நிபுணர்கள் ஏரியின் அடிவரை ஒரு குழாயை இறக்கினர். பம்ப் வைத்துச் சிறிது நீரை மேலே இழுத்துவிட்டால் போதும். நீர் ஏற ஏற வாயு குமிழியிட்டுப் பிரிந்து, அந்த வேகத்திலேயே மற்ற நீரும் மேலே வருகிறது. அதன் பிறகு எஞ்சினும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்! சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு நீர் பீய்ச்சியது. வாயு சிறுகச் சிறுக வெளியேறிக் காற்றில் கலப்பதால் கெடுதல் இல்லை. ஒரு குழாய் போதாதென்று 2011இல் மேலும் இரண்டு இறக்கப்பட்டன. தேங்கிய வாயுவில் பெரும்பகுதி இப்போது வெளியேறிவிட்டது. ஆயினும் அடியில் கசிவு நிற்காததால் அளப்பதும் வெளியேற்றுவதும் தொடர வேண்டியிருக்கிறது.

உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானோரை அரசு வேறிடங்களில் முகாம் அமைத்துக் குடியேற்றியது. அங்கே நிலம் போதவில்லை. ஏரியடி மண்ணோ நல்ல வளமான மண். அபாயம் முற்றிலும் நீங்குமுன்பே சிலர் பழைய நிலத்துக்குத் திரும்பி உழவைத் தொடங்கிவிட்டனர்.