ஸ்டேட்டஸில் ஏறிய சண்டை

“அக்கா, நீல டிக் வந்து மூனு மணி நேரமாச்சு. பதிலே இல்ல. என்ன அர்த்தம்?”

என் இரவு நிகழ்ச்சிக்கு ஜாசினிலிருந்து ஒரு தங்கை அனுப்பிய குரல் பதிவு இது. காதலருக்குச் சிங்கப்பூரில் வேலை. வார இறுதியில்தான் ஊருக்கு வருவார்.

பாட்டைப் போட்டுவிட்டு யோசித்தேன். செய்தி அவருடைய கைப்பேசியில் திறக்கப்பட்டது என்று அர்த்தம். 2014 நவம்பரில் புலனத்துக்கு நீல டிக் வந்தபோதும் அது சொன்னது அவ்வளவுதான். மீதியை நாமே எழுதிக்கொள்கிறோம். வேறு யாருடனோ பேசுகிறார், என்னை மதிக்கவில்லை... ஷிப்ட் ஏறியிருப்பார் என்று மட்டும் ஏனோ தோன்றுவதில்லை.

கனடாவில் 308 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. முகநூலில் அதிக நேரம் இருப்பவர்களுக்கு, துணையைப் பற்றிய பொறாமையும் அதிகமாக இருந்தது. சந்தேகம் வந்து பார்க்கிறார்கள், அரைகுறையாக ஏதோ கண்ணில் படுகிறது, சந்தேகம் கூடி மறுபடியும் பார்க்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாலே இது தெரியும்.

என் பாட்டி புக்கிட் அசகான் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். புருஷன் பெண்டாட்டி சண்டை பக்கத்து வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் விடிகாலைப் பெரட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்களாம். கேட்டும் கேட்காத மாதிரி இருப்பதுதான் லயத்து மரியாதை. அந்தக் காலத்தைப் பொன்னாக்கிச் சொல்ல நான் வரவில்லை. அடி விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டும் அதே லயம் சும்மாதான் இருந்தது.

இன்றைய சண்டைக்குச் சுவரே இல்லை. அலோர் காஜாவில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. கல்யாணமாகி ஒரு வருடம். மனைவியின் பிறந்தநாள் படத்தைக் கணவர் முகநூலில் போடவில்லை. இரவு பதினொரு மணிக்கு மனைவியின் ஸ்டேட்டஸில் ஒரு சோகப் பாட்டு ஏறியது. அதற்குப் பதிலாகக் கணவர் ஸ்டேட்டஸில், நன்றி கெட்ட உலகத்தைப் பற்றி ஒரு வாசகம். பொழுது விடிவதற்குள் மஸ்ஜித் தானாவில் மாமியார் பார்த்துவிட்டார். ஜொகூர் பாருவிலிருந்து மாமா அழைத்து, “என்னம்மா, பிரச்சினையா?” என்றார். குடும்பக் குழுவில் யாரோ திரைப்பிடிப்பைப் போட்டார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், திரைப்பிடிப்பு மறையுமா? கணவனும் மனைவியும் மதியச் சாப்பாட்டுக்கே சமாதானமாகிவிட்டார்கள். சம்பந்திகள் சமாதானமாகத் தீபாவளி ஆகிவிட்டது.

இன்னொன்றையும் அடிக்கடி கேட்கிறேன்: “காதல் இருந்தா பாஸ்வேர்டு குடு.” கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். இன்று பாஸ்வேர்டு கேட்பவர், நாளை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘லொக்கேஷன்’ கேட்பார். பிரிந்த பிறகும் போலிக் கணக்குகளில் விடாமல் துரத்துகிறார்கள் என்று அழுத பெண்கள் உண்டு. ஆண்களும் உண்டு. தெருவில் பின்னால் வந்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2023 மே 31 முதல் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 507A பிரிவு நடப்பில் உள்ளது. ஒருவருக்கு அச்சமோ மனவேதனையோ உண்டாகும்படி, எந்த வழியிலாவது திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டு தொல்லை கொடுப்பதும் அதில் அடங்கும். மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். வீட்டில் சொல்ல முடியாதவர்களுக்குத் ‘தாலியான் காசே’ 15999 இரவிலும் இயங்குகிறது.

ஜாசின் தங்கைக்கு, “டிக்கைப் பார்க்காதே, கூப்பிட்டுப் பேசு” என்று பதில் அனுப்பினேன். மறுநாள் இன்னொரு குரல் பதிவு வந்தது.

“பேசிட்டேன்கா. அசதியில தூங்கிட்டாராம்.” கொஞ்ச நேரம் மௌனம். “ஆனா 12.40-க்கு ஏன்கா ஆன்லைன்னு காட்டுச்சு?”