தார் பொய் சொல்லுமா? கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள்!

மதுரையில் சித்திரை மாத உச்சி வெயில். தார் ரோட்டில் காலை வைத்தால் செருப்பு 'பசக்' என்று ஒட்டுகிறது. பாரம் ஏற்றிய லாரி நின்ற இடத்தில் சக்கரத் தடம் பதிகிறது. அதே லாரி வேகமாக ஓடினால் அவ்வளவு தடம் விழுவதில்லை.

இது என்ன விந்தை?

தாருக்கு இரண்டு குணம் உண்டு. மெதுவாக அழுத்தினால் தேனைப் போல் நகர்ந்து கொடுக்கும். சட்டென்று தள்ளினால் ரப்பரைப் போல் எதிர்த்து நிற்கும்.

பிளாஸ்டிக் ரோட்டால் பெயர் பெற்ற ஊர் மதுரை. தியாகராஜர் பொறியியல் கல்லூரி ரசாயனப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் பூசி, பிறகு தாருடன் கலக்கும் முறையைக் கண்டார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு ரோடு போட்டார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தாருக்குள்ளேயே ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கலப்பதும் உண்டு. கலந்தால் தாரின் குணம் மாறும். எப்படி மாறிற்று என்பதை அளந்துதான் அறிய வேண்டும்.

ஆட்டிப் பார்க்கும் கருவி

இரண்டு வட்டத் தகடுகள். அகலம் 25 மில்லிமீட்டர். நடுவே 1 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார். ஒரு தகட்டை இப்படியும் அப்படியுமாக லேசாகத் திருகி ஆட்டுவார்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

கருவி இரண்டு செய்திகள் சொல்லும். தார் எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது? எவ்வளவு பின்தங்கி அசைகிறது? பின்தங்குவதைக் கோணமாகக் குறிப்பார்கள். முழுத் திடப்பொருளுக்கு 0 டிகிரி. முழுத் திரவத்துக்கு 90 டிகிரி. தார் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

பொய் எப்படி வெளிப்படும்?

கருவி சொல்வதை அப்படியே நம்பலாமா? கூடாது! தகட்டில் தார் சரியாக ஒட்டாமல் இருக்கலாம். சூடு ஒரே சீராகப் பரவாமல் இருக்கலாம். குளிரில் தார் இறுகும்போது கருவியின் தண்டே சற்று முறுக்கிக்கொள்ளும். அப்போது விறைப்பு குறைவாகத் தெரியும்.

இங்கேதான் கணக்கு கைகொடுக்கிறது. தள்ளிய பிறகுதான் தார் நகரும். தள்ளும் முன்னே நகராது. இந்தச் சின்ன உண்மையிலிருந்தே, விறைப்பும் பின்தங்கலும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்று நிரூபிக்கலாம். ஒளியை ஆராய்ந்த குரோனிக் 1926-லும், கிராமர்ஸ் 1927-லும் இத்தகைய உறவைக் கண்டார்கள். தாரைப் போன்ற இருகுணப் பொருள்களுக்கு அதைச் சுலபமான கணக்காக்கி 1982-ல் வெளியிட்டார்கள், போயிஜ், தூனே என்ற இருவர்.

ஆட்டும் வேகத்தை 10 மடங்கு ஆக்குங்கள். விறைப்பும் 10 மடங்கு கூடினால், கோணம் 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். விறைப்பு கூடவே இல்லையானால் 0 டிகிரி. சுமார் 3.2 மடங்கு கூடினால் 45 டிகிரி. அந்த இடத்தில் கருவி 70 என்று காட்டினால்? எங்கோ தவறு! சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. லேசாக ஆட்டினால்தான் இந்தக் கணக்கு செல்லும். கருவியின் வெப்பமானியே 2 டிகிரி தவறாக இருந்தால், இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போய் ஒரே தவறைச் சொல்லும். ஆகவே வெப்பமானியைத் தனியே சரிபார்க்க வேண்டும்.

பாண்டியன் சபையில்

மதுரைக்கு இது புதிய பாடமா? சிலப்பதிகாரக் கதையில், பொற்கொல்லன் சொல் ஒன்றையே நம்பினான் பாண்டியன். கோவலன் உயிர் போயிற்று. பிறகுதான் சிலம்பு உடைந்தது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம்! முன்பே ஒப்பிட்டுப் பார்த்திருந்தால்?

தவறான அளவை நம்பிப் போட்ட ரோடு பள்ளமானால், விழுந்து அடிபடுவது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. வீணாவது நம் வரிப்பணம். ஆகவே தாரின் இரண்டு சாட்சிகளையும் ரோடு போடும் முன்பே விசாரித்துவிட வேண்டும்!